கத்தாத டிடெக்டர்

அன்று காலை ஃபோர்மேனின் டீ ஃபிளாஸ்க் ஒழுகவில்லை. ஒரு வாரமாக மேசையில் குளம் கட்டிக்கொண்டிருந்த ஃபிளாஸ்க் அது. அவர் அதைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக் காட்டினார்.

"பாத்தீங்களா? ஒரு சொட்டு விழல. எல்லாம் நம்ம கைவண்ணம்."

"அண்ணே, பேசாம ஃபிளாஸ்க் ரிப்பேர் கடை போட்டுருங்க," என்றார் வெல்டர்.

கருவி அறைப் பெண் சிரித்தபடி கப்பை நீட்டினாள். வேதியியல் படித்துவிட்டுப் புதிதாகச் சேர்ந்தவள். அவள் பேசினால் எதிரில் இருப்பவர் குனிந்துதான் கேட்கவேண்டும். அதனால் வெல்டர் அவளுக்கு வைத்த பெயர் 'சைலன்ஸர்'.

மதியம் வெல்டர் ஆழமான தொட்டிக்குள் இறங்கவேண்டும். உள்ளே காற்று சரியாக இருக்கிறது என்று அவள் சொன்னால்தான் இறங்கலாம். வெல்டருக்கோ இருப்புக் கொள்ளவில்லை. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூட மைதானம். சாயங்காலம் அவர் மகள் ஓட்டப்பந்தயத்தில் ஓடுகிறாள். வேலை முடிந்தால்தான் போக முடியும்.

கருவி அறைப் பெண், காற்றை அளக்கும் டிடெக்டரின் தலையில் சிறிய பம்ப்பைப் பொருத்தினாள். இரண்டு துண்டுக் குழாயை நடுவில் சேர்த்துத் திருகினாள். தண்ணீர் ஏறாமல் தடுக்கும் வெள்ளை வடிகட்டியை நுனியில் செருகினாள். அவ்வளவுதான், வெல்டர் நுனியைப் பிடுங்கித் தொட்டிக்குள் இறக்கிவிட்டார்.

"என்ன காட்டுது தங்கச்சி?"

எல்லாம் சரியாகக் காட்டியது. ஆக்சிஜன் வெளியில் இருந்த அதே அளவு. சற்று நேரம் கழித்தும் அதே எண். எத்தனையோ நாளாக மூடிக்கிடந்த தொட்டியில் இப்படியா இருக்கும்?

"அண்ணா, இருங்க," என்றாள். அவளுக்கே கேட்கவில்லை.

வெல்டர் ஒரு காலை ஏணியில் வைத்துவிட்டார். அவள் பாய்ந்துபோய் அவர் பாதுகாப்புப் பட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"ஏய், ஏய்! என்னம்மா, மாட்டைப் பிடிக்கிற மாதிரி பிடிக்கிற?"

அவள் குழாயை மேலே இழுத்தாள். நுனியைக் கட்டைவிரலால் அழுத்தி மூடினாள். டிடெக்டர் சும்மா இருந்தது.

"கத்தலையே, நல்லதுதானே?" என்றார் ஃபோர்மேன்.

"மூச்ச அடைச்சா கத்தணும் சார். கத்தலன்னா வேற வழியா மூச்சு விடுதுன்னு அர்த்தம். இவ்வளவு நேரம் நம்ம பக்கத்துக் காத்தைத்தான் காட்டியிருக்கு."

நடு இணைப்பைத் திறந்தாள். உள்ளே இருக்கவேண்டிய கருப்பு ரப்பர் வளையத்தைக் காணோம். நேற்று கழுவித் துணிமேல் காயவைத்தது. காலையில் அது இருக்கிறதா என்று பார்க்காமலே திருகியிருக்கிறாள். காது வரை சூடேறியது.

"என் தப்புதான் சார், பாக்காம விட்டுட்டேன். ஆனா துணிமேலதான் வச்சிருந்தேன்..."

ஃபோர்மேன் ஃபிளாஸ்க்கைப் பார்த்தார். வெல்டர் ஃபோர்மேனைப் பார்த்தார்.

"அண்ணே, உங்க கைவண்ணம்..."

"சும்மா கிடக்குதேன்னு எடுத்தேன்பா. அளவெடுத்துத் தச்ச மாதிரி உக்காந்துச்சு!" அவர் மூடியைக் கழற்றி, டீ சொட்டச் சொட்ட வளையத்தை நீட்டினார். "இந்தாம்மா. கொஞ்சம் சர்க்கரை ஒட்டியிருக்கும், அவ்வளவுதான்."

"டீ குடிச்ச வளையம் வேணாம் சார்." அதை வாங்கிக் குப்பையில் எறிந்துவிட்டு, ஸ்டோருக்கு ஓடிப்போய்ப் புதிது வாங்கிவந்து போட்டாள்.

இந்த முறை நுனியை அடைத்ததும் டிடெக்டர் வீல் என்று அலறியது. பட்டறையே திரும்பிப் பார்த்தது. அந்தச் சத்தம் அவளுக்குத் தேனாக இருந்தது.

குழாயை மறுபடி இறக்கினாள். காற்று ஏறிவரும் வரை காத்திருந்தார்கள். எண் மளமளவென்று இறங்கியது. மறுபடி அலறல். அடியில் மூச்சு விடுமளவுக்கு ஆக்சிஜன் இல்லை.

வெல்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஏணியை விட்டுத் தள்ளி நின்றார்.

தொட்டிக்குள் நல்ல காற்றை ஊதப் பெரிய காற்றாடியை வைத்தார்கள். "உள்ள காத்து மாறுறதுக்கு நேரமாகும் அண்ணா," என்றாள்.

சாயங்காலம் நெருங்கியதும் ஃபோர்மேன் மதில் பக்கம் பார்த்தார். "இங்க நின்னு தொட்டிய முறைச்சா என்ன ஆகப்போகுது? போ, புள்ள ஓடுறதைப் பாத்துட்டு வா."

வெல்டர் மகளைவிட வேகமாக ஓடியிருப்பார்.

திரும்பியபோது அவர் முகமெல்லாம் பல். "கடைசிக்கு முந்தி! நடுவுல விழுந்தா, எழுந்து வந்து ஒருத்தியத் தாண்டிட்டா!"

பிறகு ஏணிப் பக்கம் போகாமல் நேராக அவளிடம் வந்தார். குழாய் நுனியைத் தானே வாங்கிக் கட்டைவிரலால் மூடினார். டிடெக்டர் அலறியது.

"ம், பேசுது. இப்ப இறக்கிப் பாரு."

மேலே, நடுவே, அடியில் என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். எல்லாம் சரி. "இறங்கலாம் அண்ணா!" என்றாள். அவர் குனியாமலே கேட்டுக்கொண்டு இறங்கினார்.

ஃபோர்மேன் சட்டையில் டீக் கறையோடு ஃபிளாஸ்க்கின் மூக்கை விரலால் அடைத்துக்கொண்டு நின்றார்.

"இது ஏம்மா கத்தமாட்டேங்குது?"

அவள் வாய்விட்டுச் சிரித்து, மறுபடி ஒழுகிய ஃபிளாஸ்க்கின் கீழே தன் கப்பைப் பிடித்தாள்.