டிஸ்டெயின்: ஓர் எடுத்துக்காட்டு

அச்சாகி வந்த அகராதியில் ‘டிஸ்டெயின்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நேரே இகழ்ச்சி, ஏளனம் என்று பொருள் போட்டு, அதன் கீழே ஓர் எடுத்துக்காட்டும் இருந்தது: ‘பல் மருத்துவர், அகராதி எழுதும் தன் கணவரை டிஸ்டெயினோடு பார்த்தார்.’

எழுதியது நான். பல் மருத்துவர் என் மனைவி.

எங்கள் அலுவலகத்தில் ஒரு பழக்கம் உண்டு. நல்ல வாக்கியம் அகப்படாவிட்டால் கண்ணில் பட்டதை வைத்து ஒன்றை ஒட்டிவிட்டு, பிழை திருத்த புரூஃப் வரும்போது மாற்றிக்கொள்வோம். அன்று கண்ணிலேயே நின்றது, காலையில் அவள் என்னைப் பார்த்த பார்வை. புரூஃப் வந்தபோதோ நான் அந்தச் சொல்லின் பூர்வீகத்தில் மூழ்கிக் கிடந்தேன். மாற்ற மறந்துபோனது.

மச்சான், அதாவது அவள் தம்பி, ஐந்து பிரதிகள் வாங்கி, ஒன்றை அவள் கிளினிக்கில் பேஷண்டுகள் காத்திருக்கும் இடத்தில் வைத்துவிட்டு, மீதியோடு வீட்டுக்கே வந்துவிட்டான்.

“மாமா, நீங்க இதுவரைக்கும் எழுதினதுல எனக்குப் புரிஞ்ச ஒரே வரி இதுதான்.”

கிளினிக்கிலிருந்து வந்தவள் பையைத் தொப்பென்று வைத்தாள். “பேஷண்டுங்க வாயைத் திறந்து வெச்சுக்கிட்டே சிரிக்கிறாங்க. எப்படி ஊசி போடறது?”

வாக்கியம் பொய் என்று அவள் சொல்லவே இல்லையே.

“நெஜமாவே என்னை அப்படித்தான் பாக்குறியா?”

“கொடியில துணி காயுது, எடுத்துட்டு வாங்க.”

எடுத்து வந்து மறுபடி கேட்டேன்.

“மோட்டாரை நிறுத்துங்க.”

நிறுத்தினேன். பிறகு எனக்குத் தெரிந்த ஒரே ஆயுதத்தை எடுத்தேன்.

“அந்த வார்த்தை லத்தீன்லேர்ந்து பிரெஞ்சு வழியா வந்தது. அடியில இருக்கறது தகுதிங்கற அர்த்தம். அதை இல்லேன்னு தள்ளுறதுதான் இது. வெறுப்புகூட இல்லம்மா. வெறுக்கறதுக்குக்கூட இவன் லாயக்கில்லன்னு விட்டுடறது.”

கடைசி வார்த்தையில் குரல் கம்மிவிட்டது. சொல்லாராய்ச்சியில் இப்படி நடப்பது அபூர்வம். மச்சான் கையிலிருந்த அகராதியை மெல்ல மூடினான்.

அவள் முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தாள்.

“நீங்க ‘டி’ வரிசை எழுதிக்கிட்டிருந்தப்போ ஒரு நாள் காலையில பாத்ரூம் குழாய் ஒழுகுதுன்னு சொன்னேன். நீங்க குழாய்ங்கற சொல் எங்கேர்ந்து வந்துச்சுன்னு ஆரம்பிச்சீங்க. கழுத்தை நெரிக்கலாம்னு தோணிச்சு. அதான் அந்தப் பார்வை. விட்டுடலாம்னு ஒரு நாளும் தோணினதில்ல. போதுமா?”