செட்டியார் பொம்மையின் வலது கன்னம்

கொலுப் பெட்டியைத் திறந்து பழைய புடவைத் துணியைப் பிரித்தபோது, செட்டியார் பொம்மையின் வலது கன்னம் கருகியிருந்தது. மீசை மட்டும் தப்பியிருந்தது. கணவர் லக்ஷ்மணனுக்கு வருஷாப்திகம் முடிந்து வரும் முதல் கொலு. மைதிலிக்கு முதலில் கோபம்தான் வந்தது. கோபித்துக்கொள்ள ஆள் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

"அப்பா வேலைதான். மாடிக்கு எடுத்துண்டு போயிருப்பார்," என்றாள் மகள் சௌமியா. "சாயங்காலம் காயலான் கடைக்காரர் வரார்மா. மாடியில இருக்கறது எல்லாத்தையும் அள்ளிக் குடுத்துடலாம்."

மாடியில் இருந்தது, பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ரிட்டயர் ஆன பிறகு லக்ஷ்மணன் கட்டிய டி.வி. சுருள் வரிசையில் துளை போட்ட தகரத் தட்டு, மின்விசிறி மோட்டார், கண்ணைக் குத்தும் விளக்கு. தடுப்பு அட்டைக்கு அந்தப் பக்கம், விளக்கின் முன் இருப்பதைக் காட்டத் தபால்தலை அளவு திரை, அதன்முன் ஒரு முக்காலி. கூடத்துச் சுவரை அடைத்துக்கொண்டு பெரிய டி.வி. இருக்கும்போது இது என்ன பைத்தியம் என்று வீடே சிரித்தது.

"நிப்கோன்னு ஒரு ஜெர்மன்காரன்டி. படிக்கறச்சேயே இந்தத் தட்டை யோசிச்சவன். பேட்டன்ட் காலாவதியாயிடுத்து. கெழவனானப்பறம், யாரோ பண்ணின டி.வி.யைக் கூட்டத்தோட க்யூவில நின்னு பார்த்தான்," என்பார். சொந்த அண்ணாவுக்கு நேர்ந்ததுபோல் குரல் தழதழக்கும். பிறகு, "மூஞ்சி தெரியறது மைதிலி. செத்த வெளக்கு முன்னாடி வந்து உக்காரேன்."

அடுப்பில் எப்போதும் ஏதாவது இருக்கும். நம்பிக்கையும் இல்லை; அவள் ஒருநாளும் போய் உட்காரவில்லை. அதனால்தான் பொம்மையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

பொம்மையோடு மைதிலி மாடியேறினாள். நிஜமாகவே தெரிந்ததா, இல்லை மனுஷனின் ஆசைதானா? அதைத் தெரிந்துகொள்ளாமல் மெஷினைத் தூக்கிக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஜன்னலைச் சாத்தி, பொம்மையை விளக்கின் முன் வைத்து, சுவிட்சைப் போட்டாள். தட்டு விர்ரென்று சுழன்றது. முக்காலியில் உட்கார்ந்து குனிந்தாள். செங்காவிக் கோடுகள் நெளிந்தன. வெகுநேரம் வேறொன்றும் இல்லை. பிறகு மீசை வந்தது. பிறகு கன்னம்.

"ஏன்னா, தெரியறது," என்றாள், காலி அறையில்.

எழுந்து போய்ப் பொம்மையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தானே உட்கார்ந்தாள். மறுபக்கம் பார்க்க யாருமில்லை என்று தெரியும். கண் கூசியது, கன்னம் சுட்டது.

"அம்மா, வந்துட்டார்," என்று கீழிருந்து சௌமியா கூப்பிட்டாள்.

தடுப்புக்கு அந்தப் பக்கம், யாரோ உட்கார்ந்ததுபோல் முக்காலி கிறீச்சிட்டது.

மைதிலி திரும்பவில்லை. அசைந்தால் படம் கலைந்துவிடும்.