மல்லாந்து படுப்பவன்

கேத்தலில் தண்ணீர் கொதித்தது. கஜேந்திரன் இரண்டு கோப்பைகளை எடுத்தான். ஒன்றைத் திரும்பக் கவிழ்த்து வைத்தான். பல் துலக்கினான். பாடசாலைக்குப் போடும் வெள்ளைச் சட்டையை மடிப்புக் கலையாமல் கதிரை முதுகில் போட்டான். மனைவி வினோதா தேயிலை மலைப்பாதையில் குளவி கொட்டிச் செத்து ஐந்து மாதமாகிறது. காலை வேலைகளில் எதுவும் பிந்துவதில்லை.

பக்கத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து மாமியார் காளியாயி ரொட்டியோடு வந்தாள்.

"கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு. ராத்திரியும் அமுக்குச்சா?"

"ம்."

"அவதான் மாப்பிள்ள. வெள்ளிக்கெழம பூசாரிய வரச் சொல்லியிருக்கேன். கட்டிட்டா அப்புறம் வரமாட்டா."

"பேயெல்லாம் இல்லங்க அத்தை. மூளை முழிச்சிருது, ஒடம்பு முழிக்கல. கனவுல எந்திரிச்சு ஓடிறக் கூடாதுன்னு ஒடம்பு தானா அசையாமக் கெடக்கும். கொஞ்ச நேரத்துல சரியாயிரும்."

"இதத்தான அவளுக்கும் சொன்னீங்க. வாத்தியாருக்குப் பாடம் மாறவே மாறாது."

மாறவில்லைதான். கல்யாணமான முதல் மாதமே வினோதாவுக்கு அது வந்தது. கதவோரம் யாரோ நிற்பது தெரியும், நெஞ்சில் ஏறி உட்காரும், பக்கத்தில் அவன் போன் நோண்டுவதுகூடக் காதில் விழும், கூப்பிட மட்டும் நாக்கு வராது என்பாள். யாராவது தொட்டால் விட்டுவிடுமாம். தொட்டுப் பழக்கினால் பயம் தெளியாது என்று அவன் முடிவுகட்டியிருந்தான். அவள் தொண்டைக்குள் முனகுவதைக் கேட்டபடி, தானாகத் தெளியட்டும் என்று படுத்திருப்பான்.

அவள் போன பிறகு அவனுக்கும் வந்தது. தூக்கம் கெட்டால் வரும், மல்லாந்து படுத்தால் வரும் என்று படித்திருக்கிறான். அதனால் இப்போது வேண்டுமென்றே பிந்திப் படுக்கிறான்; மல்லாந்தே படுக்கிறான். கதவோரத்து உருவத்துக்கு முகமில்லை. மூளை செய்யும் வேலை என்று தெரியும். ஆனாலும் ஒருநாள் அது திரும்பிப் பார்க்கலாம்.

"பூசாரி வேணாங்க."

"பேயில்லன்னா, கட்டுனா ஒங்களுக்கு என்ன கொறையுது?"

கஜேந்திரன் கோப்பையிலிருந்த தேயிலைச் சாயத்தண்ணியை ஊதினான். அது ஏற்கெனவே ஆறியிருந்தது.

காளியாயி குரலைத் தணித்தாள். "போன அன்னைக்கு ஒங்ககிட்ட என்னதான் சொன்னா?"

"போயிட்டு வாறேன்னா."

எப்போதும் சொல்லும் பதில்தான்.

அன்று காலை பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்க்கும் வேலைக்குக் கிளம்பியவள், வாசலில் ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு, மற்றதைக் காலால் துழாவியபடி, அவன் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"இன்னைக்கு வந்துச்சுன்னா, பேரச் சொல்லி ஒருவாட்டி கூப்பிடுங்க. தொடக்கூட வேணாம்."