காலையில் மட்டும் அடிக்கும் ஷாக்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நான் யோசித்து எழுதிய கதை இல்லை. என் வீட்டுக் கூடத்தில் ஏணிமேல் நின்றுகொண்டு, வாயில் இரண்டு திருகாணிகளைக் கவ்வியபடி ஒருவர் சொன்ன கதை. வீட்டில் பழைய வயரை எல்லாம் உருவிப்போட்டுப் புதிதாக இழுக்கும் வேலை நடந்தது. எலக்ட்ரீஷியன் ஐம்பதைத் தாண்டியவர். நான் எழுதுகிற ஆள் என்று எப்படியோ தெரிந்துகொண்டிருந்தார்.

"சார், ஒரு விஷயம் சொல்றேன், எழுதுவீங்களா?" என்றார்.

எழுதுகிறவனிடம் இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் தாங்கள் ஜெயித்த கதையைத்தான் சொல்வார்கள். இவரும் அப்படித்தான் என்று நினைத்து, பாதிக் காதைக் கொடுத்து, "சொல்லுங்க" என்றேன்.

2

அவர் வேறொரு வீட்டைப் பற்றிச் சொன்னதைப் பிறகு எழுத உட்கார்ந்தேன். தொடக்கம், முதல் முயற்சி:

அந்த வீட்டுக்கு ஐம்பத்திரண்டு வயது. அதன் சுவர்களுக்குள் ஓடிய வயர்கள், நரம்புகள் போல

(போதும். சுவருக்கு நரம்பு வைத்துவிட்டால் அடுத்த பத்தியில் அது மூச்சுவிடும், அதற்கடுத்த பத்தியில் பேசும். வீடு பேச வேண்டாம். அதற்குள் இருந்த ஒருத்தி பேசியதையே யாரும் கேட்கவில்லை.)

இரண்டாம் முயற்சி:

ஒருநாள் மதியம், மீட்டர் பெட்டியிலிருந்து புகை கிளம்பியது.

(இதுவும் வேண்டாம். புகை கிளம்பவில்லை. பழைய வயரிங் என்றதும் வீட்டைக் கொளுத்திவிட என் கை துறுதுறுக்கிறது. கொளுத்தினால் கதை வேகமாக முடியும், அவ்வளவுதான்.)

மூன்றாம் முயற்சியை அப்படியே விட்டுவிடுகிறேன்:

அவள் தையல்காரி. வாசலை ஒட்டிய முன்னறையில் மோட்டார் வைத்த மெஷின் போட்டிருந்தாள். ரவிக்கை, பாவாடை, பள்ளிச் சீருடை என்று அந்தத் தெருவில் பாதிப் பேர் உடம்பின் அளவு அவளுக்கு மனப்பாடம். வெளிச்சம் நன்றாக இருக்கிறதென்று காலையில்தான் தைப்பாள். செருப்புக் காலோடு பெடலை மிதித்தால் தையலின் வேகம் பிடிபடாது என்பதால் வெறுங்காலோடு உட்காருவாள். ஒருநாள் மெஷினின் கைச்சக்கரத்தைத் தொட்டபோது விரலிலிருந்து முழங்கைவரை சுரீரென்றது.

3

கணவனிடம் சொன்னாள். அவன் வந்து சக்கரத்தைத் தொட்டான், மெஷினின் உடம்பைத் தொட்டான், ஊசியைக்கூடத் தொட்டான். ஒன்றுமில்லை.

"எனக்கு ஒண்ணும் அடிக்கலையே."

"எனக்கு அடிக்குதுங்க."

"இப்ப அடிக்குதா?"

தொட்டாள். "இப்ப இல்ல. காலையில அடிச்சுது."

அவன் சிரித்துவிட்டான். கெட்ட சிரிப்பு இல்லை. காலையில் மட்டும் ஷாக் அடிக்கிற மெஷின் என்றால் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும்.

அடுத்த வாரம் பிரிட்ஜ் கதவு. அப்புறம் மறுபடி மெஷின். மாமியாரைத் தொடச் சொன்னாள், அவருக்கும் அடிக்கவில்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தவரை கரண்டு அவளை மட்டும் தேடிப் பிடித்து அடித்தது. ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார்கள். அவர் ஒரு மத்தியானம் வந்து, பிளக் பாயின்டில் டெஸ்டரைச் செருகிப் பார்த்து, மெஷினையும் சோதித்து, "லைன்ல ஒரு குறையும் இல்லைம்மா. உங்க உடம்புலதான் கரண்டு ஜாஸ்தி" என்று சொல்லி, எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டுப் பத்தே நிமிடத்தில் கிளம்பிவிட்டார்.

அன்றிலிருந்து அவளுக்கு வீட்டில் பெயர் 'கரண்டு'. "ஏம்மா கரண்டு, வெந்நீர் போட்டியா?" என்பார் மாமியார். செல்லமாகத்தான். அவளும் "போட்டேன் அத்தை" என்பாள்.

(இந்த எலக்ட்ரீஷியனை ஒரு வரியில் கடந்துபோய்விடலாம் என்றுதான் முதலில் இருந்தேன். பொறுப்பில்லாத ஒரு ஆள், பின்னால் வரப்போகும் நல்ல ஆளின் பெருமைக்கு எடுபிடி. கதை அந்த இடத்துக்கு வந்ததும் ஏணிமேல் இருந்தவர் திருகாணிகளை வாயிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"அந்த ஆளு நான்தான் சார்" என்றார்.

அப்போதுதான் நான் முழுக் காதையும் கொடுத்தேன்.)

4

இப்போது கணவனைப் பற்றி. இவனோடுதான் எனக்குப் பெரிய தகராறு.

முதல் பிரதியில் அவனை எரிச்சல்காரனாக எழுதினேன். தட்டைத் தள்ளிவிட்டு, "தினம் தினம் இதே பாட்டுதானா?" என்று கத்தினான். எலக்ட்ரீஷியனிடம் படித்துக் காட்டினேன். அவர் தலையாட்டவில்லை. "அவரு அப்படிப்பட்ட மனுஷன் இல்ல சார். அதான் பிரச்சினையே" என்றார்.

உண்மை இதுதான்: அவன் அவளை நரம்பு டாக்டரிடம் தானே கூட்டிப்போனான். காத்திருக்கும் இடத்தில் மூன்று மணி நேரம் அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாத்திரை எழுதிக் கொடுத்த பிறகு, இரண்டரை வருடம், ஒருநாள் விடாமல், சாப்பாடு முடிந்ததும் ஒரு கையில் மாத்திரையும் மறு கையில் தண்ணீருமாக வந்து நின்றான். அவன் அவளை நம்பாமல் இருந்தான், ஆனால் அன்பாக நம்பாமல் இருந்தான்.* முரடன் என்றால் அவளுக்குக் கோபம் வந்திருக்கும், கோபம் அவளைக் காப்பாற்றியிருக்கும். இவனிடம் கோபப்பட அவளுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அதனால் மெல்ல மெல்லத் தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்தாள்.

மாத்திரையால் தூக்கம் தூக்கமாக வந்தது. தையல் கோணியது. ஒரு கல்யாணப்பெண்ணின் ரவிக்கையைப் பாழாக்கினாள், அவள் கை அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. ஒருநாள் மெஷினைத் துடைத்து, பழைய போர்வை ஒன்றால் மூடி, வந்த துணிகளை எல்லாம் திருப்பிக் கொடுத்தாள். "கை சரியில்லை" என்று தெருவில் சொன்னாள். தெருவும் நம்பியது.

* இந்த வரியை மூன்று முறை அடித்து மூன்று முறை திரும்ப எழுதினேன். கொஞ்சம் ஜோடனையாகத்தான் இருக்கிறது. இதைவிட நேராகச் சொல்ல எனக்கு வரவில்லை.

5

இனி நடந்ததை இடையில் புகாமல் சொல்லப் பார்க்கிறேன்.

மாமியார் அறைக்கு ஏ.சி. வாங்கினார்கள். போட்ட அன்றே பீங்கான் பியூஸ் கட்டை கருகியது. மாற்றினார்கள், மறுபடி கருகியது. வயர் எல்லாம் துணி சுற்றின காலத்து வயர், தொட்டால் தூளாக உதிர்ந்தது. வீடு முழுக்க மாற்றியே ஆக வேண்டும் என்று ஆகி, அதே எலக்ட்ரீஷியன் ஒரு காலை ஏழரை மணிக்குப் பையோடு வந்து நின்றார்.

வந்தவர் முன்னறையிலிருந்து தொடங்கினார். போர்வை மூடிய மெஷினுக்குப் பின்னால் இருந்த பிளக் பாயின்டில், முன்பு பார்க்காத மூன்றாவது ஓட்டையில், எர்த் ஓட்டையில், டெஸ்டரை வைத்தார்.

டெஸ்டர் எரிந்தது.

எந்த வீட்டிலும் எரியக்கூடாத இடம் அது. பக்கத்து அறையில் வைத்துப் பார்த்தார், அங்கேயும் எரிந்தது. பிரிட்ஜ் கதவில் வைத்தார், எரிந்தது.

"வீட்ல இப்ப என்ன ஓடுது?"

"ஹீட்டர் போட்டிருக்கோம். அம்மா குளிக்கப் போறாங்க" என்றான் கணவன்.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மாமியார் குளியலறைக் கதவைத் திறந்துகொண்டிருந்தார்.

"அம்மா, உள்ள போகாதீங்க! அப்படியே நில்லுங்க!" என்று கத்திக்கொண்டே ஓடி மெயின் சுவிட்சை இழுத்துவிட்டார் எலக்ட்ரீஷியன். மின்விசிறி சுழன்று சுழன்று நின்றது. மாமியார் கதவுப் பிடியில் வைத்த கையை எடுக்கவும் தெரியாமல் அப்படியே நின்றார்.

எலக்ட்ரீஷியன் பச்சை எர்த் வயரைப் பிடித்துக்கொண்டே போனார். அது குளியலறையின் பின்சுவருக்குப் போய், பழைய இரும்புத் தண்ணீர்க் குழாயில் இறுக்கிக் கட்டியிருந்தது. அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்வார்கள். குழாய் மண்ணுக்குள் போகும், கசிகிற கரண்டும் அதோடு மண்ணுக்குப் போய்விடும். ஆனால் கட்டிய இடத்துக்கு ஒரு சாண் கீழே இரும்பு முடிந்து பிளாஸ்டிக் தொடங்கியது.

"இந்தக் குழாயை மாத்தினது யாரு?"

"நான்தான்!" என்றான் கணவன். குரலில் பெருமை. "ஆறு வருஷம் முன்னாடி, ஒரு ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து நானே மாத்தினேன். இன்னிக்கு வரைக்கும் ஒரு பொட்டு ஒழுகல."

எலக்ட்ரீஷியன் இரும்பும் பிளாஸ்டிக்கும் சேரும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். பிறகு நிதானமாகச் சொன்னார். ஹீட்டர் கெட்டுப்போய் உள்ளே கரண்டு கசிகிறது. பிளாஸ்டிக் வழியாக மண்ணுக்குப் போக முடியாததால் அது எர்த் வயரிலேயே தேங்கி, வீட்டில் உள்ள இரும்பை எல்லாம் தொற்றிக்கொள்கிறது. ஹீட்டர் ஓடும் நேரம் மட்டும்தான், அதை அணைத்துவிட்டுத்தான் எல்லோரும் குளிப்பார்கள். செருப்புப் போட்டவர்களுக்குத் தெரியாது. அவனுக்கு வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்பு பழக்கம். மாமியாருக்குக் குதிகால் வலி, அவரும் செருப்பு. ஈரத்துணியால் துடைத்த தரையில், காலை நேரத்தில், வெறுங்காலை ஊன்றி இரும்பைத் தொடுகிறவள் ஒருத்திதான்.

அவள் அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

6

(முதல் பிரதியில் இங்கே அவளை அழ வைத்திருந்தேன். "அவங்க அழல சார்" என்றார் எலக்ட்ரீஷியன். "கேள்விதான் கேட்டாங்க.")

"ஹீட்டர் நின்னா அடிக்காதா?"

"அடிக்காதும்மா."

"அப்ப காலையில மட்டும்தான்."

"ஆமாம்மா. காலையில மட்டும்தான்."

"நான் அதைச் சொன்னேன்ல?"

யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை. மூன்று பேர் நின்றார்கள், மூன்று பேரிடமும் சொல்லியிருந்தாள்.

"அன்னிக்கு நானும் சரியா பாக்கலம்மா" என்றார் எலக்ட்ரீஷியன்.

"ஆமா. பாக்கல" என்றாள். அவ்வளவுதான்.

கணவன் ஒன்று செய்தான். செருப்பைக் கழற்றினான். வெறுங்காலோடு ஈரத் தரையில் நடந்து முன்னறைக்குப் போய், போர்வையை விலக்கி, மெஷினின் சக்கரத்துக்கு மேலே கையை வைத்துக்கொண்டு, "மெயினைப் போடுங்க. ஒரே ஒரு தடவை. எனக்குத் தெரியணும்" என்றான்.

"விளையாடாதீங்க சார். ஆளையே தூக்கிரும்."

"அவளுக்கு அடிச்சுதில்ல? போடுங்க."

அவள் வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்து மெஷினிலிருந்து விலக்கினாள்.

"வேண்டாங்க. தொட்டுப் பாத்துட்டு நம்புறதுன்னா ஊரே நம்பும். நான் சொன்னப்ப நீங்க நம்பியிருக்கணும்."

அவள் குரலை உயர்த்தவில்லை. அவன் கை அவள் பிடியிலேயே இருந்தது, எவ்வளவு நேரம் என்று எலக்ட்ரீஷியன் சொல்லவில்லை. அவர் வெளியே போய் மீட்டர் பெட்டியைக் கழற்றுவதுபோலப் பாவனை செய்துகொண்டிருந்தார்.

7

ஐந்து நாள் வேலை. பழைய வயர்கள் கட்டுக்கட்டாக வெளியே போயின. பின்புறம் ஆழமாகக் குழி தோண்டிப் புது எர்த் போட்டார். கசிவு வந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் தானே அணைந்துவிடும் சுவிட்சை மெயினில் பொருத்தினார். பிளக் எங்கெங்கே வேண்டும் என்று கேட்டபோது கணவன் அவளைப் பார்த்தான். அவள் ஜன்னல் ஓரத்தைக் காட்டி, "மெஷினுக்குத் தனி லைன்" என்றாள்.

மாமியார் மூன்றாம் நாள் வழக்கம்போல "ஏம்மா க—" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று அவருக்குச் சட்டென்று வரவில்லை. கொஞ்சம் தடுமாறி, மருமகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "பேரைக் கேட்டு அவங்களே திரும்பிப் பாக்க ஒரு நிமிஷம் ஆச்சு சார்" என்றார் எலக்ட்ரீஷியன்.

கடைசி நாள் அவர் கூடத்தில் மின்விசிறியை மாட்டிக்கொண்டிருந்தபோது, கீழே அவள் கணவனிடம் பேசினாள்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட போகணும். மாத்திரையை நானா நிறுத்தக் கூடாதாம், அவருதான் சொல்லணுமாம்."

"போலாம். நான் வர்றேன்."

"வாங்க. ஆனா இந்தத் தடவை நான் பேச மாட்டேன். என்ன நடந்துச்சுன்னு நீங்கதான் சொல்லணும்."

அவன் 'சரி' என்றானா? மேலே மின்விசிறியை ஓட்டிப் பார்த்த சத்தத்தில் எலக்ட்ரீஷியனுக்குக் கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்து அழைப்பு மணி பழுது என்று போனாராம். காலை நேரம். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கழுத்தில் அளவு டேப், வாயில் குண்டூசி, வெறுங்கால். தலையசைத்தாள். டாக்டர் விஷயத்தை அவர் கேட்கவில்லை. "கேக்குற தைரியம் எனக்கு வரல சார்" என்றார்.

8

ஆகவே என்னிடம் முடிவு இல்லை. முயற்சி செய்யாமல் இல்லை.

'டாக்டர், ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு' என்று அவனைச் சொல்ல வைத்தேன். 'சின்ன' என்ற சொல்லுக்குள் புகுந்து தப்பித்துவிட்டான். அடித்தேன்.

'வீட்டு வயரிங்ல கோளாறு இருந்திருக்கு டாக்டர்.' பொய் இல்லை. ஆனால் பழி முழுக்க வயர் தலையில். அடித்தேன்.

'எல்லாத்துக்கும் நான்தான் காரணம்' என்று உடைந்து அழவைத்தேன். உடனே டாக்டரும் அவளும் சேர்ந்து அவனைத் தேற்றவேண்டியதாகிவிட்டது. அதை அடிக்கும்போது காகிதம் கிழிந்துவிட்டது.

அதனால் அறையை மட்டும் உங்களிடம் ஒப்படைக்கிறேன். மேசை, மூன்று நாற்காலி, சுவரில் ஒரு நாட்காட்டி. டாக்டர் பழைய சீட்டைப் புரட்டிவிட்டு, வழக்கம்போல அவளைப் பார்த்து, "சொல்லுங்கம்மா, எப்படி இருக்கு?" என்கிறார். அவள் பதில் சொல்லாமல் கணவன் பக்கம் திரும்புகிறாள். டாக்டரும் திரும்புகிறார்.

அவன் தொண்டையைச் செருமிக்கொள்கிறான்.

முதல் வாக்கியத்தை நீங்கள் சொல்லுங்கள். அதை டாக்டரைப் பார்த்துச் சொல்கிறானா, அவளைப் பார்த்துச் சொல்கிறானா என்பதையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.