முப்பத்தெட்டாவது பூட்டு

விடிவதற்குள் கூழ்த் தொட்டிக்குள் இறங்கி, பிளேடுகளில் காய்ந்து ஒட்டிய காகிதக் கூழைச் சுரண்டியெடுப்பது எங்கள் வேலை. முழங்கால்வரை சகதி, மூக்கில் காரநெடி. இறங்குகிறவன், பிளேடை யாரும் ஓடவிடாதபடி, மெயின் சுவிட்சில் தன் பூட்டை மாட்டிவிட்டு இறங்குவான். மேலே வந்து அவனேதான் திறப்பான். அடுத்தவன் தொடக்கூடாது. இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தவர் அப்போதைய எங்கள் இன்ஜினியர். சட்டைப்பையில் எந்நேரமும் ஸ்பேனர் இருக்கும், அதுவே பெயராகிவிட்டது. எங்களோடு தொட்டிக்குள் இறங்கிய மனிதர். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

ஸ்பேனர் வேலையை விட்டுப் பைனான்ஸ் கம்பெனி திறந்தார். அதில் வாங்கிய கடனில் மூழ்கிய எங்கள் ஆலை அவர் கைக்கே வந்தது. பிறகு கட்சியில் சேர்ந்தார், தேர்தலில் ஜெயித்தார். போன மாதம், பூட்டித் திறப்பதில் நேரம் வீணாகிறதென்று பூட்டுகளையெல்லாம் பிடுங்கி ஸ்டோரில் போடச் சொன்னார்.

அதிலிருந்து ஒன்பதாம் நாள் நான் சுவிட்சைப் போட்டேன். பூட்டு தொங்கவில்லை, உள்ளே ஆளில்லை என்றே பழகிய கை நினைத்தது. உள்ளே என் மச்சான், அக்கா புருஷன், இருந்தார். வலது கை போயிற்று. அவருடைய கவனக்குறைவு என்று எழுதி வேலையைவிட்டு நீக்கினார்கள். அக்கா என்னைத் திட்டவில்லை. "நாளைக்கு நீயும் அதுக்குள்ளதான இறங்கணும்?" என்றாள்.

இன்று காலை ஸ்டோர்காரம்மா பூட்டுப் பெட்டியைத் திறந்துவிட்டார். மெயின் சுவிட்சை அணைத்து, அதன் கைப்பிடியைச் சங்கிலியால் சுற்றி, ஆளுக்கொன்றாக முப்பத்தேழு பூட்டு மாட்டினோம்.

ஸ்பேனர் காரைவிட்டு இறங்கினார். "என்ன கூத்து இது? வெல்டர், வெட்டி எடு."

வெல்டர் அசையவில்லை. "அடுத்தவன் பூட்டத் தொடக்கூடாது சார். நீங்க சொல்லிக்குடுத்தது."

"அது அப்போ."

"ஆமா, அப்போ நீங்களும் உள்ள இறங்குவீங்க" என்றார் ஸ்டோர்காரம்மா.

ஸ்பேனர் என் பக்கம் திரும்பினார். "சுவிட்சப் போட்டது நீ. போலீஸ் வந்தா யாரப் பிடிக்கும்?"

"நான்தான் போட்டேன். பூட்டப் பிடுங்குனது யாருன்னும் அவங்ககிட்ட சொல்லுவேன். எங்களுக்குப் பூட்டு வேணும். மச்சான்மேல தப்பு இல்லன்னு எழுதி, அவரால முடிஞ்ச வேலையும் குடுக்கணும்."

ஸ்பேனர் போனை எடுத்தார். அப்போது அக்காவோடு மச்சான் வந்தார். இடது கையில் அவருடைய பழைய பூட்டு. ஒரு கையால் மாட்ட முடியவில்லை. அந்த நாளுக்குப் பிறகு என்னோடு பேசாதவர், என்னைப் பார்த்தார்.

"சங்கிலியப் பிடிடா மாப்ள."

பிடித்தேன். பூட்டினார்.