நாற்பத்தொன்றாவது நிமிடம்

பெரியப்பாவின் தியேட்டரில் அடுத்த மாதம் என்னென்ன ஓடப்போகிறது என்று நோட்டீஸ் எழுதுவது அவள் வேலை. சினிமாவும் உண்டு, மேடையில் நடந்ததைப் படம்பிடித்துத் திரையில் காட்டும் நாடகமும் உண்டு. எதையும் முழுசாகப் பார்க்காமல் அவள் ஒரு வரி எழுதமாட்டாள்.

அன்று காலை, துடைத்த ஈரம் காயாத காலி அரங்கில், பெரியப்பாவும் அவளும் ஒரு நாடகத்தைப் போட்டுப் பார்த்தார்கள். பிரிந்துபோகிற கணவன் மனைவி கதை. நாற்பத்தொன்றாவது நிமிடத்தில் கணவன் மனைவியை அணைத்து மன்னிப்புக் கேட்கிறான். கேமரா நெருங்கிப் போகிறது. வாய் உருகி உருகிப் பேச, அவன் விரல்கள் நடிகையின் மேல்கைச் சதையைப் பிடித்துத் திருகின. நடிகைக்கு வசனம் ஒரு நொடி தடுக்கியது. கண் நிறைந்தது. இடைவேளைக்குப் பிறகு அதே உடுப்பின் மேல், கையை மறைத்து ஒரு சால்வை.

"பெரியப்பா, அந்தாளு நிஜமாவே கிள்ளுறான்."

"நடிப்பும்மா அது. எவ்வளவு பெரிய ஆளு!"

அந்த இடத்தைத் திரும்பப் போட்டாள். மூன்றாவது முறை பெரியப்பா முன்னால் சாய்ந்து பார்த்தார். "அட, ஆமா," என்றார். அவருக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தாள். வாயில் கிடந்த புதினா மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளிவிட்டுச் சொன்னார்: "கண்ணு ததும்புது பாரு, அதையே போஸ்டருக்கு எடு. கூட்டம் அள்ளும்."

அந்த மிட்டாய் வாசனைகூட அவளுக்குத் தாங்கவில்லை. "என்னால முடியாது பெரியப்பா," என்று எழுந்து வெளியே போய்விட்டாள்.

அவரே எழுதினார். 'நிஜத்தை மிஞ்சும் நடிப்பு!' டிக்கெட் கவுண்டருக்குப் பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில், கதவளவு பெரிதாக அந்த அழுகிற முகம். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று ரசித்தார்கள்.

நாடகக் குழு அலுவலகத்தில் நம்பர் வாங்கி நடிகைக்குப் போன் செய்தாள். யாரென்று சொல்லி, பார்த்ததையும் சொன்னாள்.

"திரையில தெரியுதாங்க?" என்று கேட்டாள் நடிகை.

"நல்லாத் தெரியுது."

"மேடையில முன் வரிசைக்குக்கூடத் தெரியாதுங்க. ஒவ்வொரு காட்சியிலும் இதேதான். சொன்னா, உனக்குத் தொட்டாலே வலிக்கும்னு சிரிப்பாங்க. எத்தனாவது நிமிஷம்னு எழுதித் தர முடியுமா?"

நிமிடம், நொடி, எந்தக் கை, சால்வை எப்போது வந்தது என்று ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பினாள். நடிகை அதைக் குழுவின் முன் வைத்தாள். ஒரே வாரத்தில், பெரியப்பாவின் தியேட்டரில் ஓடவிருந்த காட்சி ரத்தானது. அவன் இனி மேடையேறக் கூடாது என்றார்கள். அடுத்த மாதமே வேறொரு குழு அவனை வாரி அணைத்துக்கொண்டது.

காட்சி ரத்தான செய்தி வந்த அன்று பெரியப்பா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டே. போ, போஸ்டரை நீயே எடு."

கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, ஓரத்திலிருந்து மெல்ல உரித்துக்கொண்டிருந்தாள். வரிசையில் நின்ற ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா எடுக்குறே? என்னமா அழுதிருக்கு அந்தப் பொண்ணு!"

அவள் நகத்தால் பிறாண்டிக் கிழிக்கத் தொடங்கினாள்.