மச்சானின் கழுத்து

கழுத்து வலிக்காத சுமைக்காரனை எங்கள் மராதி ஊர்ச் சந்தையில் நான் பார்த்ததில்லை. நூறு கிலோ பயறு மூட்டையைத் தலையில் வாங்கி, பலகை வழியாக லாரியில் ஏற வேண்டும். பொழுது சாயும்போது கழுத்து மரக்கட்டையாகிவிடும். காலையில் எழுந்தால் வலப்பக்கம் திரும்பாது. யாரும் அதை நோய் என்று சொல்வதில்லை.

எங்களிடம் அதற்குக் கைவைத்தியம் உண்டு. ஒருவன் தோளை அமுக்கிப் பிடித்துக்கொள்வான். இன்னொருவன் தாடையைப் பிடித்து ஒரே திருப்பாகத் திருப்புவான். சடக்கென்று சத்தம் வரும். உடனே வேலைக்குப் போய்விடலாம்.

என்னோடு மூட்டை தூக்கும் ஷைபூ கத்சினா வம்சம், நான் கோபிர் வம்சம். எங்கள் இரண்டு வம்சத்துக்கும் பாட்டன் காலத்திலிருந்தே கேலி முறை. கண்ட இடத்தில் ஒருவரையொருவர் வைய வேண்டும். வையாமல் போனால்தான் வருத்தப்படுவார்கள். எவ்வளவு வைதாலும் கோபிக்கக் கூடாது, எவ்வளவு வைதாலும் மன்னிப்புக் கேட்கக் கூடாது. பதினோரு வருடமாக ஒரே லாரியில் ஏற்றுகிறோம். ஒரு நாள்கூட நான் அவனை மரியாதையாகக் கூப்பிட்டதில்லை.

அந்தப் புதன்கிழமை தூசிக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. மதியம் ஷைபூ மூட்டை அடுக்கின் நிழலில் உட்கார்ந்து, தலைத்துணியைக் கண்ணுக்கு மேல் இழுத்து விட்டிருந்தான்.

"மச்சான், தல ரெண்டாப் பொளக்குதுடா. கழுத்து குனிய மாட்டேங்குது. வெளிச்சத்தப் பாத்தாலே குத்துது."

"எந்திரிடா என் அடிமப் பயலே! கத்சினாக்காரனுக்கு மூட்டையப் பாத்தாலே கழுத்து வெறைக்கும், சோத்துச் சட்டியப் பாத்தா மட்டும் நல்லாக் குனியும்!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்ததும் எனக்கு இன்னும் குஷி ஏறிவிட்டது.

"நெசமாத்தாண்டா சொல்றேன்."

"உங்க வம்சத்துல நெசம் சொன்னவன் எவன்டா?"

இரண்டு பேரை அவன் தோளைப் பிடிக்கச் சொன்னேன். தாடையைப் பிடித்தது நான். அவன் தாடை என் உள்ளங்கையில் கொதித்தது, வெயில் என்று நினைத்துக்கொண்டேன். திருப்பினேன். கழுத்து திரும்பவில்லை, சடக்கென்ற சத்தமும் வரவில்லை. அவன் போட்ட கத்தலில் கட்டியிருந்த கழுதை ஒன்று மிரண்டு கயிற்றை இழுத்தது.

"பாரு, சொந்தக்காரன் கொரல் கேட்டதும் பதில் சொல்லுது!" என்றேன். மறுபடியும் சிரிப்பு. ஷைபூ எழுந்து சும்மாட்டைத் தலையில் வைத்தான். மாலைவரை பதினெட்டு மூட்டை ஏற்றினான். ஒருமுறைகூடத் திருப்பி வையவில்லை. அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை அவனும் வந்தான். முதல் மூட்டையை அவன் தலையில் தூக்கி வைத்தோம். பலகையில் நாலு எட்டு வைத்ததும் விழுந்தான். பாலில் கரைத்துக் குடித்திருந்த கம்பெல்லாம் வாந்தியாக வந்தது. அதற்கும் ஒரு கேலி என் வாய்வரை வந்தது. அதற்குள் அவன் கைகால் இழுக்கத் தொடங்கியது.

தள்ளுவண்டியில் போட்டு சுகாதார நிலையத்துக்கு ஓடினோம். வாசலில் ஏற்கெனவே பாய் விரித்து ஆட்கள் கிடந்தார்கள். நர்ஸ் ரமத்து அவன் தலைக்குக் கீழே கையைக் கொடுத்து மெல்லத் தூக்கினாள். கழுத்து மடங்கவில்லை. முழங்கால் இரண்டும் தானாக மேலே மடங்கின.

"வெறைப்பு நோவு. மூளைக்காய்ச்சல். எப்ப ஆரம்பிச்சது?"

"இன்னிக்குக் காலைல" என்றேன்.

"நேத்து ஒண்ணும் சொல்லலியா? தலவலி, கழுத்துவலின்னு?"

கூட வந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

"சொல்லலக்கா."

அவள் ஊசி மருந்தை ஏற்றிக்கொண்டே சொன்னாள்: "இதுல ஒவ்வொரு மணி நேரமும் கணக்குண்ணே. நோவு கண்ட அன்னிக்கே தூக்கிட்டு வந்தவங்க சில பேரு நல்லாயி நடந்து வீட்டுக்குப் போயிட்டாங்க."

ஷைபூவின் மனைவி டேலு ஓடி வந்தாள். முக்காடு நழுவியது தெரியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம், படுத்துக்கோன்னு காலைல கால்ல விழாத கொறையாச் சொன்னேண்ணே. கேக்கல. 'போகலன்னா அந்த கோபிர்ப்பய சந்தையில என் மானத்த வாங்கிருவான்'னு சிரிச்சுக்கிட்டே கெளம்பிட்டாரு. நல்ல வேள, நீங்க பக்கத்துல இருந்தீங்க. நீங்கதான் உசுரக் காப்பாத்துனீங்க."

தள்ளுவண்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிக் கையை உருவிக்கொண்டேன்.

ஷைபூ சாகவில்லை. பதின்மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்தான். காதுதான் போய்விட்டது, இரண்டும். "இந்த நோவு அப்படித்தான், சில பேருக்குக் காத எடுத்துக்கும்" என்றாள் ரமத்து. புதன்கிழமையே வந்திருந்தால் காது தப்பியிருக்குமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டால் புதன்கிழமைப் பேச்சு வரும்.

பெருநாள் முடிந்து சந்தைக்கு வந்தான். பின்னால் லாரி வருவது கேட்காதவனை வேலைக்கு வைக்க முடியாது என்று மேஸ்திரி சைகை காட்டினார். அவன் தலையாட்டிவிட்டு என்னைத் தேடி வந்தான். எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்று தெரியாமல் சந்தையே திரும்பிப் பார்க்கக் கத்தினான்:

"டேய் கோபிர் அடிமயே! இன்னும் சாகலியா நீ?"

கத்திவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் வைய வேண்டிய முறை. உதட்டை ஏதோ அசைத்தேன். சத்தம் வரவில்லை. அது அவனுக்கு மட்டும் தெரியாது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சுற்றியிருந்த ஒருவரும் சிரிக்கவில்லை.

கேலி முறையில் மன்னிப்புக் கிடையாது என்று எனக்கே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். அவனுக்குக் காது கேட்காதே என்றும் சொல்லிப் பார்த்துவிட்டேன். டேலுவுக்குக் கேட்கும். என் பெண்டாட்டியிடம் இப்போதும் பால் கொடுத்தனுப்புகிறாள், புருஷன் உயிரைக் காத்தவன் வீட்டுக்கு என்று. நானும் குடிக்கிறேன்.

அவன் புதன்கிழமையே சொன்னான், நான்தான் சிரித்தேன் என்று டேலுவிடம் நான் சொல்ல வேண்டும். அவனுக்கும் அவளுக்கும் நான் பட்ட கடன் அதுதான். இன்னும் தீர்க்கவில்லை.